உப்புத் தராசில் ஏறிய பெட்டி

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அதுவரை பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்திலிருந்து தினமும் பஸ். வேலைக்கான கடிதம், விசா, டிக்கெட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. டிக்கெட்டை அப்பா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. ஆனால் எண்கள் வரும். ஒரு மூலையில் விரலை வைத்து, “இந்த இருபது இன்னாது?” என்றார்.

“பெட்டியோட எடைப்பா. விமானத்துக்கு அடியில போடற பெட்டி இருபது கிலோதான் இருக்கணும். கையில ஒரு சின்னப் பை எடுத்துக்கலாம்.”

“பெட்டியும் சேர்த்தா, பெட்டிக்குள்ள இருக்கறது மட்டுமா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“எல்லாம் சேர்த்துதான்.”

அம்மா கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்குப் போகிற பெண்ணுக்கு இருபது கிலோ என்று எந்த மகராசன் கணக்குப் போட்டான் என்பது அவளுடைய கேள்வி. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உப்பளக்காரர். பத்து பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்து வியாபாரிக்குப் போடுகிறவர். மூட்டை, கிலோ, எடை என்றால் அது தன்னுடைய துறை என்கிற தெம்பு அவருக்கு.

பெட்டியைப் பாண்டிச்சேரியில் வாங்கினோம். நீல நிறம், இரண்டு சக்கரம், இழுத்தால் கடகடவென்று தெருவையே எழுப்பும். அடுத்த ஒரு வாரம் அது கூடத்தின் நடுவில் திறந்தே கிடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதற்குள் எட்டிப் பார்த்தார்கள். நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் உள்ளே புதிதாக ஏதாவது முளைத்திருக்கும். ஒரு நாள் எவர்சில்வர் சம்படம். ஒரு நாள் இரண்டு கிலோ துவரம்பருப்பு. ஒரு நாள் இட்லித் தட்டு. ஒரு நாள் அரிவாள்மனை.

“அம்மா, இது எதுக்கு?”

“அங்க காய் நறுக்க மாட்டியா?”

“கத்தி இருக்கும்மா.”

“கத்தியில உனக்கு நறுக்க வருமா? உக்காந்து நறுக்கியே பழகிட்டே. விரல வெட்டிக்கிட்டு நீ எப்படி ஊசி போடுவே?”

அம்மாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அதனால்தான் கோட்டக்குப்பத்து அக்காவை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். என்னோடு அதே வார்டில் வேலை பார்த்தவர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவருடைய கணவர் அபுதாபியில் இருந்தார். ஒவ்வொரு முறை அவர் லீவு முடிந்து கிளம்பும்போதும் பெட்டி கட்டுவது அக்காதான். அவர்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் பெட்டி கட்டுவார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு.

அக்கா வந்தார். மோர் குடித்தார். பர்தாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பாயை விரிக்கச் சொல்லிப் பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“மொதல்ல சர்டிபிகேட் எங்க?” என்றார்.

பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “பெட்டி வந்து சேரலன்னா இன்னாமா பண்ணுவே? சர்டிபிகேட், அப்பாயின்மென்ட் லெட்டர், நகை, ஒரு செட் யூனிபார்ம், இதெல்லாம் கைப்பையில. பெட்டி தொலைஞ்சாலும் நீ மறுநாள் காலையில டூட்டிக்கு நிக்கணும். நின்னாத்தான் மரியாதை.”

பிறகு ஒவ்வொரு பொருளாகத் தூக்கிப் பார்த்துப் பிரித்தார். துவரம்பருப்பு வேண்டாம், அங்கே கிடைக்கும். இட்லித் தட்டு வேண்டாம், கூட இருக்கும் மலையாளப் பெண்கள் யாராவது வைத்திருப்பார்கள். புடவை ஆறு எதற்கு, இரண்டு போதும். வேலைக்குப் போடும் ஷூவுக்குள் காலியிடம் விடக்கூடாது. அதற்குள் தைலக் குப்பியையும் சுருட்டிய சாக்ஸையும் திணித்தார். நைட்டிகளை மடிக்காமல் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி இடுக்குகளில் செருகினார். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலின் மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, இரண்டு கவர் போட்டு, ஒரு பழைய நைட்டியில் சுற்றி நட்டநடுவில் உட்காரவைத்தார். “நாலு பக்கமும் துணி இருக்கணும். அங்க பெட்டிய எறியறதப் பாத்தீங்கன்னா நெஞ்சு வெடிச்சிடும்.”

அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். மசாலாப் பொட்டலத்தை அக்கா முகர்ந்து பார்த்தபோதுதான் பேச்சு சூடானது.

“இதுல கசகசா போட்டிருக்கீங்களாம்மா?”

“கசகசா இல்லாம குருமாவா?”

“அந்த ஊர்ல அது போதைப்பொருள். ஒரு மணி இருந்தாலும் பிடிச்சு ஜெயில்ல போட்டுடுவான்.”

“குருமா வச்சதுக்கா?”

“குருமா வைக்கறதுக்கு முன்னாடியே!”

அம்மா கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். மிக்ஸியை மூன்று முறை கழுவினாள். கசகசாவுக்குப் பதிலாக முந்திரி போட்டுப் புதிதாக அரைத்துக்கொண்டு வந்தாள். அரைக்கும்போது கட்டியிருந்த புடவையையும் மாற்றியிருந்தாள்.

இதற்கிடையில் எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா வந்து சேர்ந்தார். கடலோரக் குப்பத்தில் வீடு. சுனாமியில் படகு போன பிறகு அவர் மகன் ஷார்ஜாவில் ஏசி மாட்டும் வேலைக்குப் போயிருந்தான். நான் அங்கே போகிற செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நெத்திலிக் கருவாடு.

“அரை கிலோதாம்மா. நம்ம ஊர்க் கருவாடு துன்னு ஆறு மாசம் ஆவுதுன்னு போன்ல சொன்னான். உனக்கு பாரமா இருந்தா வேணாம்.”

நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப்போட்ட அக்கா இதை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டார். பேப்பரில் சுற்றி, கவர் போட்டு, டேப் ஒட்டி, மறுபடியும் கவர் போட்டு, அம்மாவின் சம்படத்துக்குள் வைத்து மூடி, அந்த மூடியையும் டேப்பால் சுற்றினார். “இல்லன்னா ஒரு மாசத்துக்கு உன் யூனிபார்ம் கருவாட்டு வாசனை அடிக்கும். பேஷன்ட்டெல்லாம் பசிக்குதுன்னு எழுந்து உக்காந்துடுவான்” என்றார். மீன்காரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

பெட்டியை மூடிய பிறகு அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார். கண்ணை மூடி, இரண்டு எண்ணி, கீழே வைத்தார்.

“இருபது. கரெக்டா இருபது இருக்குது. இதுக்கு மேல ஒரு குண்டூசி கூட வைக்காதீங்க.”

ஒதுக்கிவைத்த பொருள்கள் ஒரு குவியலாகப் பாயில் கிடந்தன. அதன் உச்சியில் அரிவாள்மனை.

அக்கா பஸ் ஏறிய பிறகு அம்மா சொன்னாள்: “கையால தூக்கிப் பாத்து கிலோ சொல்லுதே அந்தப் பொண்ணு, அதெப்படிங்க?”

“நாளைக்குத் தராசுல வச்சிப் பாத்துடுவோம்” என்றார் அப்பா.

தராசு என்பது உப்பு வியாபாரியின் களத்தில் இருந்தது. கீழே ஒரு இரும்பு மேடை, மேலே ஒரு நீளத் தண்டு, தண்டின் நுனியில் தொங்கும் ஒரு சின்னத் தட்டு. மேடையில் மூட்டையை ஏற்றுவார்கள். சின்னத் தட்டில் எடைக்கல் வைப்பார்கள்; அங்கே வைக்கிற பத்து கிராம் மேடையில் ஒரு கிலோவுக்குச் சமம். தண்டு சமமாக நின்றால் எடை சரி. அந்தப் பக்கத்தில் விளைகிற உப்பில் பாதி அந்தத் தராசில் ஏறித்தான் லாரிக்குப் போகும்.

மறுநாள் காலை அப்பா மொபெட்டின் முன்னால் பெட்டியை நிறுத்தி ஓட்டிக்கொண்டு போனார். நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம். அம்மாவின் கையில் ஒயர்கூடை. அதற்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. இருபுறமும் பாத்திகளில் வெயில் பட்டு உப்பு கண்ணைக் கூசவைத்தது. தலையில் கூடையோடு நடந்துகொண்டிருந்த பெண்கள் நீலப் பெட்டியைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள்.

“இன்னா, பொண்ணோட உப்பும் ஏரோப்ளேன்ல போவுதா?”

“பெட்டியில இன்னாமா இருக்குது? எங்கள்ல ஒருத்தர உள்ள வச்சி எடுத்துட்டுப் போயேன்.”

வியாபாரி சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அவரே எடைக்கல் வைத்தார். நல்ல மனுஷர். என் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பெருமையாகப் பேசினார். தண்டு ஆடி ஆடி நின்றது.

“பதினேழு” என்றார்.

அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. “பாத்தீங்களா! மூணு கிலோவ முழுங்கப் பாத்துச்சே அந்தப் பொண்ணு!” என்றபடி ஒயர்கூடையிலிருந்து அரிவாள்மனையை உருவினாள். பெண்கள் கூட்டம் கைதட்டியது. அங்கேயே மேடைமேல் பெட்டியைத் திறந்தோம். அரிவாள்மனையைச் சாக்கில் சுற்றி ஓரத்தில் நிறுத்தினோம். ஒரு கிலோ புழுங்கலரிசி போனது. முறுக்கு போனது. கடைசியில் தட்டுப் பக்கம் தண்டு இன்னும் கொஞ்சம் கீழே நிற்க, அப்பா தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். உப்பு.

“அந்த ஊர்ல உப்பு விக்க மாட்டாங்களாப்பா?”

“விப்பான். எவன் விளைச்சதோ.”

பொட்டலம் உள்ளே போனதும் தண்டு சமமாக நின்றது. இருபது. வியாபாரி எனக்கு ஒரு பேனாவைப் பரிசாகக் கொடுத்தார்.

கிளம்புகிற நாள் வந்தது. மதியம் விமானம். வாடகை வேனில் அப்பாவும் அம்மாவும் மீனம்பாக்கம் வரை வந்தார்கள். பயணிகளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கம்பித் தடுப்பை ஒட்டி இருவரும் நின்றார்கள். அம்மா அழுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் அழுகிற நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது.

கவுன்டரில் இருந்த பெண் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, “இருபத்து மூணு வருதுங்க. மூணு கிலோ எடுத்துடுங்க, இல்லன்னா எக்ஸ்ட்ராவுக்குக் கட்டணும்” என்றாள்.

“இருக்காதுங்க. எங்க ஊர்ல எடை போட்டுப் பாத்துட்டுதான் வர்றேன். கரெக்டா இருபது.”

“வீட்டுல வைக்கிற சின்ன மெஷினா?”

“இல்லங்க. உப்பு மூட்டை போடற பெரிய தராசு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இரக்கப்பட்டாள். பக்கத்துக் கவுன்டர் காலியாக இருந்தது. பெட்டியை அதில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். அங்கேயும் இருபத்து மூன்று. இரண்டு மெஷினும் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்லாது என்று எனக்குப் புரிந்தது.

ஓரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். எதை எடுப்பது? கருவாட்டுச் சம்படத்தின் மேல்தான் முதலில் கை போனது. போன வேகத்திலேயே கையை இழுத்துக்கொண்டேன். அது என்னுடையதில்லை. களத்தில் வைத்து ஏற்றிய நாலும்தான் வெளியே வந்தன. அரிவாள்மனை, அரிசி, முறுக்கு, உப்பு. அவற்றை அணைத்துக்கொண்டு, வெளியே நிற்கிற அப்பாவிடம் கொடுக்கக் கதவை நோக்கி நடந்தேன். சாக்கு அவிழ்ந்து அரிவாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. கதவில் நின்ற காவலருக்குத் தெரிந்தது.

“ஏய், ஏய்! நில்லு! இன்னாமா அது? கத்தியா?”

“கத்தி இல்ல சார். அரிவாள்மனை.”

“அரிவாளா?”

இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு எப்படி விளக்குவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். “ஐயா! ஐயா! இங்க பாருங்க!” என்று கத்தினாள். அத்தனை கூட்டத்தின் நடுவில், பட்டுப்புடவையோடு தரையில் சப்பென்று உட்கார்ந்தாள். ஒரு காலை மடித்து, இல்லாத பலகையை மிதித்து, இல்லாத கத்தரிக்காயை எடுத்து, சரக் சரக்கென்று நறுக்கிக் காட்டினாள். நறுக்கின துண்டுகளைத் தண்ணீரில் போடுவதுகூட இருந்தது.

தமிழ் தெரியாத காவலர் சிரித்துவிட்டார். “சப்ஜி, சப்ஜி” என்றார். எங்கள் தமிழ்க் காவலர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அரிவாள்மனையை அவரே வாங்கிக் கம்பிக்கு மேல் அப்பாவிடம் நீட்டினார். மற்றதையெல்லாம் நான் கொடுத்தேன்.

“ஏம்மா, இன்னா ஆச்சு?” என்றார் அப்பா.

“இருபத்து மூணு இருக்குதாம்பா. ரெண்டு மெஷின்ல பாத்துட்டாங்க.”

அப்பா அரிவாள்மனையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உப்பளத்தில் கணக்குப் போடும்போது அவர் உதடு லேசாக அசையும். அப்போதும் அசைந்தது.

“இங்க இருபத்து மூணு. அங்க இருபது.”

“ஆமாப்பா.”

“அப்போ என் மூட்டை?”

எனக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது. எழுபத்தைந்து கிலோ மூட்டை என்று இத்தனை காலம் அந்தத் தராசில் ஏற்றிய ஒவ்வொன்றும் எழுபத்தெட்டாக இருந்திருக்கிறது. மூட்டை வாய் வரை தளும்பினால்தான் எடை வரும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. உப்பில் ஈரம் குறைவு, அதனால் எடை நிற்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். யாரும் தராசைச் சந்தேகப்பட்டதில்லை.

அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ அண்ணாந்து பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே, “நீ போ பாப்பா. போயி ஏறு. இத நான் பாத்துக்கறேன்” என்றார். அம்மா அப்போதுதான் தரையிலிருந்து எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அழ மறந்தே பிரிந்தோம்.

ஷார்ஜாவில் முதல் வெள்ளிக்கிழமை மீன்காரம்மாவின் மகன் விடுதி வாசலுக்கு வந்தான். சம்படத்தின் டேப்பைப் பிரிக்க அவனுக்குப் பத்து நிமிஷம் ஆனது. கடைசிக் கவரைப் பிரித்ததும் முகத்தை உள்ளே நுழைத்து மூச்சை இழுத்தான். “எங்கம்மா வெயில்ல போட்டதுதான்” என்றான். வாட்ச்மேன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா நடந்ததைச் சொன்னார். ஊருக்குத் திரும்பிய மறுநாளே ரேஷன் கடைக்குப் போய், முத்திரை வைத்த இருபது கிலோ எடைக்கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு களத்துக்குப் போயிருக்கிறார். கல்லை மேடையில் வைத்து, “எவ்ளோ வருதுன்னு நீங்களே சொல்லுங்க” என்று வியாபாரியிடம் கேட்டிருக்கிறார். பதினேழு வந்தது. களத்தில் இருந்தவர்களெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். வியாபாரி மூன்று முறை வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் பதினேழு.

“அப்புறம் என்னப்பா ஆச்சு? சண்டையா?”

“சண்டை எதுக்கு? அந்தத் தொங்கற தட்ட அவுத்துத் திருப்பிப் பாத்தோம். அடியில கருப்பா ஒரு கட்டி. உப்பும் துருவும் சேர்ந்து கல்லாட்டம் ஒட்டிக்கிச்சு. ரெண்டு விரல்ல புடிக்கிற அளவுதான் இருக்குது. அங்க அவ்ளோ இருந்தா இங்க மூணு கிலோவாம். ஆணிய வச்சித் தட்டி நான்தான் எடுத்தேன்.”

“அவருக்கு அது தெரிஞ்சே இருந்திருக்குமா?”

“தெரியாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணாரு. முகம் சுண்டிப்போச்சு. எனக்கென்னமோ நெசம்னுதான் பட்டுது. ஆனா அவரு நாற்காலியிலேர்ந்து பாத்தாலே அந்தத் தட்டு தெரியும். அதையும் சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து எடை போடும் நாளில் முதலில் இருபது கிலோ கல்லை ஏற்றி, எல்லோரும் பார்த்த பிறகுதான் மூட்டை ஏறும் என்று பேசி முடிவு செய்தார்களாம். வியாபாரியே சொந்தமாக ஒரு முத்திரைக் கல் வாங்கிப் போட்டுவிட்டார். அதற்கு ஊரில் ‘ஃபிளைட்டு கல்லு’ என்று பெயர் வந்துவிட்டது.

“எல்லாருக்கும் சந்தோஷம்தானே?” என்றேன்.

“ஆம்பளைங்களுக்கு சந்தோஷம்தான்” என்றார் அப்பா. “உப்பு வார்ற பொம்பளைங்கதான் என்னப் பாத்தா சண்டைக்கு வர்றாளுங்க. மத்தியானம் சோறு துன்னுட்டு வெளையாட்டுக்கு அந்தத் தராசுல ஏறி நின்னு எடை பாத்துக்குவாளுங்க இல்ல? இப்போ எல்லாருக்கும் ஒரே நாள்ல மூணு மூணு கிலோ ஏறிடுச்சாம்.”